நாக்கு பூட்டி வைத்த கப்பல்

ஒரு காலத்தில் ஒரு நாக்கும் ஒரு சோடிக் காதும் ஒரே ஆளிடம் வேலை பார்த்தன. காது இரண்டு இருந்தாலும் இரண்டும் எப்போதும் ஒன்றையே கேட்டதால், காது என்று ஒருமையிலேயே சொல்லிவிடலாம்.

அந்த ஆளின் பெயர் நிரூபா. வயது இருபத்தேழு. கனடாவில் ஸ்காபரோ என்ற இடத்தில் நகரப் பஸ் ஓட்டினாள். ஓய்வு நாட்களில் மேடை ஏறினாள். பாட்டென்றும் சொல்ல முடியாமல் பேச்சென்றும் சொல்ல முடியாமல், தாளத்தின் முதுகில் ஏறி ஓடுகிற கவிதை அவளுடையது. ஸ்போக்கன் வேர்ட் என்பார்கள்.

நாக்குக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது. சிவப்பு விளக்கில் பஸ் நிற்கிற முப்பது செக்கனுக்குள் நாலு வரி கட்டிவிடும். பச்சை விழும்போது ஐந்தாவது வரி வந்து நிற்கும். "கேட்டியா, கேட்டியா!" என்று காதை உலுப்பும்.

காது அவ்வளவு கதைக்காது. சேர்த்து வைக்கிற குணம் அதற்கு. கறுப்பின மக்களின் இசை என்றால் அதற்கு உயிர். புளூஸ், ஜாஸ், தேவாலயப் பாட்டு, ஹிப்ஹொப் எல்லாவற்றையும் பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு அடுக்கியிருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. பதினொரு வயதில் இந்த நாட்டில் வந்திறங்கிய நிரூபா, பள்ளிக்கூடத்தில் ஏழு மாதம் ஒரு சொல் பேசவில்லை. ஒருநாள் உடற்பயிற்சி வகுப்பில் ஆசிரியை ஒரு பழைய புளூஸ் பாட்டைப் போட்டார். முதலில் அவளுடைய கால் ஆடியது. பிறகு தோள். பிறகு, யாரும் கேட்காமலேயே வாய் திறந்து சத்தம் வந்தது. நாக்கு எழும்பியது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் ஓகஸ்டில் நூலக முற்றத்தில் ஒரு பெரிய கலைவிழா ஏற்பாடாகியிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் நிரூபாவுக்குப் பத்து நிமிடம் தந்திருந்தார்கள். கூட வாசிப்பவள் மார்சியா. பஸ் பணிமனையில் மெக்கானிக். ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பம். டபுள் பேஸ் என்று ஆள் உயரத்துக்கு நிற்கும் தந்தி வாத்தியத்தை, சொந்தக்காரியைக் கட்டிப்பிடித்துக் கதை கேட்பவள்போல வாசிப்பாள். இருவருக்கும் நாலு வருடச் சிநேகிதம்.

விழாவுக்கென்று நாக்கு ஒரு புதுக் கவிதை கட்டியது. ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிவந்த கப்பல்களைப் பற்றியது. "நாங்கள் அடித்தட்டில் கிடந்தோம், எங்கள் காலில் இரும்பு" என்று தொடங்கும். அமெரிக்கத் தெற்கின் பேச்சு இழுவையோடு, நடுநடுவே விம்மல் வைத்து, நாக்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியது. அதற்கு நிலைகொள்ளவில்லை.

"இந்த முறை சனம் எழும்பி நிண்டு கை தட்டும், இருந்து பார்!" என்றது.

காது ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

ஞாயிறு காலை மார்சியா வீட்டுக் கராஜில் ஒத்திகை. மார்சியா நாலு வரிக்கு வாசித்தாள். ஐந்தாவது வரியில் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள்.

"இதில் வருகிற 'நாங்கள்' யார்?" என்று கேட்டாள்.

"நாங்கள்தான்" என்றாள் நிரூபா. "அதாவது, நீங்கள்."

"அந்தக் கப்பலில் நீ எங்கே நின்றாய், நிரூ?"

கராஜ் கதவுக்கு வெளியே யாரோ புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கலையில் கற்பனைக்கு இடமில்லையா?" என்றது நாக்கு, நிரூபாவை முந்திக்கொண்டு.

"இருக்கிறது. ஆனால் நீ கற்பனை செய்யவில்லை. எங்கள் தேவாலயத்தில் முழங்காலில் நின்று அழுகிறவர்களின் விம்மலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். என்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, இது எனக்கு எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறாய்." மார்சியாவின் குரல் உயரவில்லை. அதுதான் நிரூபாவைக் குத்தியது. "சனிக்கிழமை நான் வருவேன். என் தனி வாசிப்பை வாசிப்பேன். இதற்கு வாசிக்க மாட்டேன்."

திங்கட்கிழமை நல்ல மழை. நிரூபா பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்க, உள்ளே நாக்கும் காதும் சண்டை பிடித்தன.

"நீ எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்" என்றது நாக்கு.

"நீ எப்ப என்னைக் கேட்டனி?" என்றது காது. "உனக்கு வரி வேணும் எண்டால் வாறாய், அள்ளிக்கொண்டு போறாய். எங்கயிருந்து வந்தது, ஆர் தந்தது எண்டு ஒரு நாளும் நீ கேக்கேல்லை."

"அந்த இசை இல்லாட்டி நான் ஊமை. அதில எனக்குப் பங்கில்லையோ?"

"பங்கு இருக்கு. ஆனா அது என்ன பங்கெண்டுதான் தெரியேல்லை."

அப்போது முன்கண்ணாடியில் வைப்பர் இடமும் வலமுமாக அடித்தது. இரண்டு அடி, ஒரு இடைவெளி. இரண்டு அடி, ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளால் ஒரு புதுக் குரல் பஸ்ஸில் ஏறியது.

"என்னைப் பற்றித்தானே கதைக்கிறீர்கள்?"

வந்தது தாளம். அது நிற்காது. பேசும்போதும் ஒரு காலில் குதித்துக்கொண்டே பேசியது.

நாக்கு துள்ளி எழும்பியது. "உன்ர கதையைத்தான் நான் சொல்லப்போறன்! கப்பல், இரும்பு, பருத்திக் காடு..."

"அதைச் சொல்ல அந்த வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாகவே சொல்கிறார்கள்" என்றது தாளம். "நான் எப்படித் தப்பினேன் தெரியுமா? எஜமானர்கள் மேளத்துக்குத் தடை போட்டார்கள். நான் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்தேன். கையைக் கட்டினார்கள். பாதத்துக்கு இறங்கினேன். பருத்திக் காட்டில் ஒருவன் குரல் கொடுப்பான், தூரத்து வரிசையில் இன்னொருவன் பதில் கொடுப்பான். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் நான் உயிரோடு இருந்தேன்."

"நானும் அதைத்தானே செய்யிறன்? அவை சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன்."

"சொல்லைத் திருப்பிச் சொல்லலாம். குரலையே திருப்பி அனுப்பினால், கூப்பிட்டவனுக்கு என்ன தெரியும்? அங்கே ஒரு பாறை இருக்கிறது என்று தெரியும். ஆள் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?"

நாக்கு வாயின் தரையில் ஒட்டிக்கொண்டது.

காது மெல்லச் சொன்னது: "எங்களிட்டயும் ஒரு கப்பல் கிடக்கு."

"பேசாதே!" நாக்கு பதறிப்போனது. "வாயை மூடு!"

"வாய் உன்ர பக்கம்" என்றது காது. "நான் மூடுறதுக்கு ஒண்டும் இல்லை."

பிறகு அது, பதினாறு வருடமாக அடியில் வைத்திருந்ததை எடுத்து விரித்தது. வன்னியில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம். துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல். மூன்று மாதக் கடல். இரவும் பகலும் ஓயாத எஞ்சின் உறுமல். தண்ணீர் வரிசையில் தகரக் குவளைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம். ஒவ்வொரு விடியலிலும் நிரூபாவின் அம்மா மேல்தட்டு ஓட்டைக்குள்ளால் குனிந்து, அடித்தட்டில் கிடக்கும் சனத்தைப் பார்த்துக் கூப்பிடுவாள்: "இருக்கிறியளோ?"

கீழேயிருந்து எல்லாரும் சேர்ந்து பதில் கொடுப்பார்கள்: "இருக்கிறம்!"

ஒரு காலை அந்தப் பதிலில் ஒரு குரல் குறைந்திருந்தது. அதுவும் காதுக்கு ஞாபகம் இருந்தது.

"எனக்கும் எல்லாம் தெரியும்" என்றது நாக்கு. அதன் சத்தம் சுருங்கிப்போயிருந்தது. "கரையில இறங்கின உடனை அதிகாரியள் வந்து கேள்விக்கு மேல கேள்வி கேட்டவை. அம்மா நிரூபாவின்ர கையைப் பிடிச்சு, 'கப்பலைப் பற்றி ஒருத்தரிட்டயும் வாய் திறக்காதே' எண்டு சொன்னவ. அண்டைக்குப் பூட்டினது. நான் மறைக்கேல்லை, காவல் நிண்டனான்."

காதுக்கு அப்போதுதான் விளங்கியது. சொந்தக் கப்பலில் ஏற விடாததால்தான் நாக்கு ஊரார் கப்பலில் போய் ஏறியிருக்கிறது.

கடைசித் தரிப்பில் பஸ் காலியானது. ஓய்வுக்கு எட்டு நிமிடம் இருந்தது. நிரூபா கைபேசியை எடுத்து அம்மாவுக்கு அழைத்தாள்.

"அம்மா, நான் கப்பலைப் பற்றி வெளியில சொல்லலாமோ?"

மறுபக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எந்தக் கப்பல்?"

"எங்கட கப்பல் அம்மா."

"நீ இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?" என்றாள் அம்மா, உண்மையான ஆச்சரியத்தோடு. "அது எங்களுக்கு இஞ்ச இருக்கப் பேப்பர் கிடைக்கும்வரைக்கும்தானே பிள்ளை! பேப்பர் கிடைச்சுப் பத்து வருசமாச்சு. நான் கோயில்ல, கடையில எல்லாரோடயும் கதைக்கிறனான். உனக்குத்தான் அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

நாக்கு கணக்குப் பார்த்தது. பத்து வருடம் திறந்து கிடந்த கதவுக்குத் தான் காவல் நின்றிருக்கிறது! அடுத்த கணம் அதற்குச் சிரிப்பு வந்தது. நிரூபா யாருமில்லாத பஸ்ஸில் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

"என்ன பிள்ளை, சிரிக்கிறியோ அழுகிறியோ?"

"ரெண்டும்தான் அம்மா. சனிக்கிழமை நூலகத்துக்கு வாங்கோ. கட்டாயம் வாங்கோ!"

அதற்குப் பிறகு வந்த நாலு நாளும் நாக்குக்கும் காதுக்கும் திருவிழா. காது ஒரு சத்தத்தை எடுத்துக் கொடுக்கும், நாக்கு அதற்கு ஒரு சொல் தேடும். "இது இல்லை, இன்னும் கரகரப்பா" என்று காது சொல்லும். நாக்கு கோபிக்காமல் திரும்பப் போகும். சிவப்பு விளக்குகள் போதவில்லை. சந்திக்குச் சந்தி சொற்கள் முண்டியடித்து ஏறின. ஒரு வரி சரியாக விழுந்தபோது நிரூபா, "ஆ, அதுதான்!" என்று கத்திவிட்டாள். பின்னால் இருந்த பயணி பயந்துபோய், தன் தரிப்பு வராமலே மணியை அடித்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் நூலக முற்றம் நிறைந்திருந்தது. மார்சியா தன் தனி வாசிப்பை முடித்துவிட்டு மேடையின் ஓரத்தில் நின்றாள்.

நிரூபா அவளுக்குக் கிட்டப் போய், "நீ வாசிக்க வேண்டாம். நின்று கேட்டால் போதும்" என்றாள்.

மார்சியா அவளைக் கூர்ந்து பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

நிரூபா ஒலிவாங்கிக்கு முன்னால் போனாள். தெற்கத்திய இழுவை இல்லை. விம்மல் இல்லை. வன்னி வாசம் மாறாத தன் ஆங்கிலத்தில் தொடங்கினாள்:

"என் கப்பல் வேறு. என்னை யாரும் விலங்கு போட்டு ஏற்றவில்லை. அம்மா கையைப் பிடித்து ஏற்றினாள். நான் இறங்கியபோது என்னிடம் பெயர் இருந்தது, வாய் மட்டும் இல்லை. உங்கள் கப்பலில் தப்பிய ஒரு தாளம், என் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் காலைத் தட்டியது. எழும்பு என்றது. பதினாறு வருடம் கழித்து இதோ எழும்பி நிற்கிறேன். கூப்பிட்டவர்களே, இது என் பதில்!"

சொற்கள் எஞ்சினைப்போல உறுமின. தகரக் குவளைகளைப்போல முட்டின. கூட்டத்தில் கால்கள் தட்டத் தொடங்கின. தாளம் ஒவ்வொரு சப்பாத்தாக ஏறி இறங்கி, முற்றம் முழுக்கப் பாய்ந்து திரிந்தது.

நிரூபா நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். தமிழில் கூப்பிட்டாள்:

"இருக்கிறியளோ?"

முன்வரிசையில் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது. நாக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லப் போனது. "பொறு" என்றது காது. "இடம் விடு."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சரிந்தது. ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் எழும்பி நின்று, மூன்று மாதக் கடலையும் தாண்டக்கூடிய தொண்டையில் பதில் கொடுத்தாள்:

"இருக்கிறம்!"

அம்மா.

"இருக்கிறியளோ?" இப்போது அங்கே இங்கே நின்ற தமிழ்ச் சனமெல்லாம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது தடவை, அர்த்தம் தெரியாதவர்களும் அர்த்தம் புரிந்து கத்தினார்கள். "இருக்கிறம்!" அந்தச் சத்தத்தின் அடியில், தரையே முனகியதுபோல ஒரு ஆழமான ஒலி புறப்பட்டது. நிரூபா திரும்பிப் பார்த்தாள். மார்சியா பேஸை அணைத்துப் பிடித்து, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் பதினெட்டு நிமிடமானது. நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் ஆடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு பேரும் மேடைக்குப் பின்னால் புல்லில் இருந்தார்கள். நிரூபாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. நாக்குக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மார்சியாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், அடுத்த கவிதையைப் பற்றி இப்போதே பேச வேண்டும்.

மார்சியா பேஸின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எங்கள் வீட்டில் ஒரு பாட்டு இருக்கிறது" என்றாள். "வெளியாட்கள் யாருக்கும் நாங்கள் பாடிக் காட்டியதில்லை. கேட்கிறாயா?"

நாக்கு சரிந்து படுத்துக்கொண்டது. காது எழும்பி உட்கார்ந்தது.