மூன்றாம் நம்பர் பாட்டில்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அங்கே பேராசிரியர் இசக்கியம்மாளிடம் ஜெனிபா ஆய்வு மாணவி. போதை மாத்திரை கொடுத்த எலியின் மூளை செல்கள் சாகாமல் வல்லாரைச் சாறு காக்குமா என்பது ஆராய்ச்சி.

பாதி எலிகளுக்குச் சாறு. மீதிக்குச் சாறு போலவே நிறமும் வாசமும் சேர்த்த வெறும் தண்ணீர். எது எந்தப் பாட்டிலில் என்பது இசக்கியம்மாளுக்கு மட்டுமே தெரியும். ஆனால் எல்லா எலியையும் ஒன்றுபோலக் கையில் எடுத்து, தடவிக்கொடுத்து, பொறுமையாகப் புகட்ட வேண்டும். அவசரப்பட்டால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் காலையில் ஜெனிபா ஓடிவந்தாள்.

"மேடம், எந்தம்பி அனிஷ் பேசிட்டான்! 'அக்கா'ன்னு கூப்பிட்டான்!"

மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீட்ட பிறகும் எட்டு மாதமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பையன். பாவம், இருபத்திரண்டு வயசு.

"ரொம்ப சந்தோஷம் பிள்ளே. டாக்டர் மருந்து மாத்துனாரா?"

ஜெனிபா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மேடம். மூணாம் நம்பர் பாட்டில்ல இருக்கது சாறுதான்னு நெனச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போனேன். நாப்பது நாளா குடுக்கேன்."

வந்ததே கோபம் அவருக்கு! "உனக்கென்ன கிறுக்கா? எலிக்கு வச்சதை மனுசனுக்குக் குடுப்பியா? அவனுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"தப்புதான் மேடம். அவனை அப்படிப் பாத்துக்கிட்டு இருக்க முடியல." அழுதுவிட்டாள். "ஆனா மருந்து கேக்குதே. நிறுத்தச் சொல்லிராதீங்க."

இசக்கியம்மாள் பீரோவைத் திறந்து ஒரு நோட்டைப் பார்த்தார். சொன்னால் பாட்டில் ரகசியம் உடைந்து, மூன்று மாத ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொன்னார்.

"மூணாம் நம்பர் வெறும் தண்ணி, ஜெனிபா."

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவன் எதால பேசுனான்?"

"எப்படிப் புகட்டுனே?"

"எலிக்குப் புகட்டுற மாதிரிதான். தலைய மடியில சாச்சு, தொண்டையத் தடவி. அரை மணி நேரம் ஆகும்."

"அதுக்கு முந்தி?"

"பக்கத்துல போகவே பயம் மேடம். சாப்பாட்டுத் தட்டை வச்சிட்டு வந்துருவேன்."

"தண்ணி குடிக்கிற எலியையும் ஏன் தடவச் சொல்றேன்?"

"தடவுறதாலேயே அது தேறிட்டா, சாறுதான் தேத்துச்சுன்னு நாம தப்பா..."

ஜெனிபா பாதியில் நிறுத்தினாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கே டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லிரு," என்றார் இசக்கியம்மாள்.

"சரி மேடம். வீட்டுக்கு நான் இனிமே என்னத்தைக் கொண்டு போக?"

"பாட்டிலை இங்க வச்சிரு. கையைக் கொண்டு போ."