திரை இல்லாத போர்டு

குருவைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். அழகேசன் ஓசூரிலிருந்து உடுமலைக்கு ஒரு லேப்டாப்பும், ஒரு பை சாத்துக்குடியும், மனம் நிறைய வருத்தமும் கொண்டு போனார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு கோகிலவாணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடன் குருவை மேடம் என்பதும், குரு சீடனை சார் என்பதும் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லைதான். ஆனால் இவர்கள் ஆறு வருடமாக மின்னஞ்சலிலேயே குருவும் சீடனுமாக இருந்தவர்கள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. சாஸ்திரம் எழுதியவர்கள் இதையெல்லாம் எங்கே கண்டார்கள்.

கம்ப்யூட்டரின் அடித்தளத்தில், மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கிற கர்னல் என்று ஒன்று ஓடுகிறது. சிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் நாடித்துடிப்பு மாதிரி ஒரு கிளாக் உண்டு. அந்த கிளாக்குகளை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று கர்னலுக்குச் சொல்லும் நிரல்தான் கிளாக் டிரைவர். ஒரு வகைச் சிப்புக்கு அது கோகிலவாணியின் பொறுப்பு. உலகத்தில் யார் அதில் ஒரு வரியை மாற்றினாலும் அவரிடம் வர வேண்டும். அதற்கு முன் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் 'நான் படித்தேன்' என்று அடியில் பெயர் போடுவது அழகேசனின் வேலை. சம்பளம் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது போக வேண்டுமே என்று இழுத்துப் போட்டுக்கொண்டது.

தனியாக இருப்பவர் வீட்டில் பேச்சு என்று ஒன்று கேட்டால் அது குக்கர் விசில்தான். நிரல் அனுப்புகிறவர்களும் ஊர்க்கதை பேச மாட்டார்கள். இந்த வரி தவறு, திருத்திவிட்டேன், நன்றி. அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் எர்னஸ்தோ வந்தான். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையூர். முதல் மடலிலேயே மழையைப் பற்றி எழுதினான். இரண்டாவதில் தன் ஆடுகளைப் பற்றி. எங்கள் பக்கம் ஆளைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்போம் என்று அழகேசன் பேச்சுவாக்கில் எழுதப்போக, அதற்குப் பிறகு ஒவ்வொரு மடலின் கடைசியிலும் அவன் அதைக் கேட்கத் தொடங்கினான். அழகேசனை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தயிர்சாதம் சாப்பிட்டேன் என்று பதில் எழுதிவிட்டு, அதற்காகவே போய்த் தயிர்சாதம் பிசைந்த நாளும் உண்டு.

அவன் அனுப்பிய மாற்றம் ஒரே ஒரு வரி. மெமரியை இயக்குகிற மெமரி கண்ட்ரோலரின் கிளாக்கை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது என்று பழைய நிரலில் ஒரு கட்டளை இருந்தது. அதை எடுத்துவிட்டால் பேட்டரி கொஞ்சம் மிச்சமாகும் என்பது எர்னஸ்தோவின் எண்ணம். அந்தச் சிப்பைப் பொருத்திய அவனுடைய போர்டில் ஓடியது. அழகேசனின் போர்டிலும் ஓடியது. அழகேசன் 'நான் படித்தேன்' என்று பெயர் போட்டார்.

கோகிலவாணி அதை ஏற்காமல் நிறுத்திவைத்து, அழகேசனுக்கு மட்டும் ஒரு வரி எழுதினார். சார், இதை நீங்கள் படித்தீர்களா?

அந்த ஒரு வரி அவரை பஸ் ஏற்றிவிட்டது.

கோகிலவாணி வீட்டு மாடி அறையில் மேஜை முழுக்கப் போர்டுகளும் ஒயர்களுமாகக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று விசாரித்தார். மடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அழகேசனுக்குத்தான் பொறுக்கவில்லை. படிக்காமல் பெயர் போடுகிற ஆள் நான் இல்லை, ஓட்டிப் பார்த்துத்தான் போட்டேன் என்றார்.

"ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார் கோகிலவாணி.

மேஜை மேல் இருந்த போர்டில் எர்னஸ்தோவின் மாற்றத்தை ஏற்றி அழகேசன் ஓட்டினார். பக்கத்தில் இருந்த திரையில் படம் வந்தது. சின்னக் கோளாறுகூட இல்லை. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கோகிலவாணி எழுந்து, திரைக்குப் போகும் ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கினார்.

"இந்தச் சிப்பு இங்க முக்காவாசி தோட்டத்து மோட்டார் ரூம்லதான் கெடக்குது. அங்க திரை ஏதுங்க? இப்ப ஓட்டுங்க."

திரை இல்லாததால் போர்டு சொல்வதை லேப்டாப்பில் எழுத்தாகப் படித்தார்கள். வரி வரியாக மேலே ஏறியது. கடைசியில் கர்னல் எல்லாம் தயார் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத கிளாக்குகளை அணைக்கக் கிளம்பியது. ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிறவர்களைப் போல அது வழக்கமாகச் செய்கிற வேலைதான். பாதி வரியில் எழுத்து நின்றது.

அழகேசன் காத்திருந்தார். கோகிலவாணி தன் டீயைக் குடித்து முடித்து, கீழே போய் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். அழகேசன் அதே பாதி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரர் ஒண்ணும் வரலையே மேடம்."

"வராதுங்க. எரர் சொல்றதுக்கும் மெமரி வேணுமில்லீங்களா."

அழகேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெமரி யாருக்கு வேணும் சார்?"

"எல்லாருக்கும்."

"அந்த கிளாக் எனக்கு வேணும்னு யாரு கேட்டாங்க?"

"திரையை ஓட்டற டிரைவர் மட்டும் கேட்டிருக்கு. மத்த டிரைவர்களை எழுதினவங்க அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்னு நெனச்சுட்டாங்க."

"உங்க ரெண்டு பேர் போர்டுலயும் திரை இருந்துது. அந்தப் புண்ணியத்துல ஓடியிருக்குது" என்றார் கோகிலவாணி.

இதற்கு மேல் சமாளிப்பதில் அர்த்தமில்லை என்று அழகேசனுக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு எப்போதுமே வராது. பெயர் போடும் முன்பே தனக்கு அந்தச் சந்தேகம் வந்தது என்று ஒப்புக்கொண்டார். திரை இல்லாத போர்டில் என்ன ஆகும் என்று எர்னஸ்தோவுக்கு ஒரு கேள்வியை டைப் செய்து, அனுப்பாமல் அழித்துவிட்டிருந்தார். அந்த வாரம்தான் அவன், இதுவே என் முதல் மாற்றம், ஏற்றுக்கொண்டால் அம்மாவிடம் சொல்வேன் என்று எழுதியிருந்தான். கடைசியில் வழக்கம்போல, சாப்பிட்டாச்சா என்றும் கேட்டிருந்தான்.

கோகிலவாணி திட்டவில்லை. திட்டியிருந்தால் அழகேசனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். எர்னஸ்தோவின் மடல் திறந்திருந்தது. பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது.

அழகேசன் கையை விசைப்பலகை மேல் வைத்தார். என்ன எழுத வேண்டும் என்பது தெரியும். மாற்றம் ஏன் தவறு, எந்தப் போர்டு சாகும், பழைய கட்டளை ஏன் இருக்க வேண்டும் என்று கடகடவென எழுதிவிடலாம். விரல்கள்தான் நகரவில்லை. ஓசூர் வீடும், அதன் சமையலறையும், மடல் எதுவும் வராத இன்பாக்ஸும் கண் முன்னால் வந்தன. அவருக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் இதற்கா பயப்படுவது என்று வெட்கமாகவும் இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"வேண்டாம்னு எழுதிட்டா, அவன் அப்புறம் எனக்கு எழுதவே மாட்டான். அப்ப நான் என்ன பண்றது?"

காற்றாலைகளின் நிழல் ஜன்னல் கம்பி மேல் விழுந்து விழுந்து நகர்ந்தது.

"ஆறு வருசமா நீங்க அனுப்பறதுக்கெல்லாம் நானும் வேண்டாம், வேண்டாம்னுதானுங்க எழுதிட்டு இருக்கறேன்" என்றார் கோகிலவாணி. "இன்னைக்கு பஸ் ஏறி யாரைப் பாக்க வந்தீங்க சார்?"