தோண்டிப் பார்த்த அவரை

அறிவியல் ஆசிரியர்களுக்கென்று மாத இதழ் ஒன்றை நடத்திவந்தார் பேராசிரியர் வைத்தியலிங்கம். அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பிக் கரைசேர்ந்த கட்டுரை கிடையாது.

வகுப்பில் நட்ட அவரை விதை ஏன் முளைக்கவில்லை என்று அந்த இதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார் ஆரம்பப் பள்ளி டீச்சர் அமலோற்பவம். விதை நட்ட பிள்ளைகளின் பேரையும் போட்டிருந்தார். மாதா மாதம் இதழ் வந்ததும், "டீச்சர், எங்க பேரு வந்துருச்சா?" என்று மொய்த்துவிடுவார்கள். பேர் வராது, பேராசிரியரின் சிவப்புக் குறிப்போடு கட்டுரைதான் திரும்பி வரும். தலைப்பை மாற்றுங்கள், முடிவை மாற்றுங்கள், இல்லையில்லை, பழைய தலைப்பே இருக்கட்டும்.

கட்டுரை எழுதுகிறவர்களின் கூட்டத்தில் பேராசிரியர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு அவரையை முளைக்கவைக்கத் தெரியலை, இதுல கட்டுரை வேற! ஏம்மா, அந்த விதைக்கு என்னதான் கேடு?"

கூட்டம் சிரித்தது. டீச்சர் எழுந்தார்.

"விதை நல்ல விதைதான் சார். முளைச்சிருச்சான்னு பிள்ளைங்க தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தாங்க. எல்லாம் ஆசைதான். என் கட்டுரை மேல உங்களுக்கும் அதே ஆசைதானே சார்?"

இப்போது கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. பேராசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"இனிமே தோண்டலைம்மா."

அடுத்த இதழில் கட்டுரை அப்படியே வந்தது. பிள்ளைகள் இதழை மூடுவார்கள். பேர் இருக்கிறதா என்று உடனே திறந்து பார்ப்பார்கள். டீச்சர் தடுக்கவேயில்லை. முளைத்துவிட்ட பேர், பார்த்தால் பட்டுப்போகவா போகிறது?