விழுந்த இடியை எடுக்கப் போன இருளாயி

மொதல்ல ஒரு பெரிய தப்பைத் திருத்திடணும். அதைத் திருத்தாம கதையைத் தொடங்கினா பாவம் வந்து சேரும். இடி விழுந்துச்சு, இடி விழுந்துச்சுன்னு ஊர் உலகமே சொல்லுதில்ல? இடி விழாது. மரத்து மேல விழாது, மாட்டு மேல விழாது. விழறது மின்னல். இடி வெறும் சத்தம். மனசுல வாங்கிக்கிட்டியா? "ம்" சொல்லு. சரி.

ஒரு ஊர்ல ஒரு பாளையக்காரர். தொட்டப்ப நாயக்கர்னு பேரு. எதிர்ல புலி வந்தா புலிதான் வழி விடணும், அப்படி ஒரு மீசை. ஆனா வானத்துல கடகடன்னா போதும், கட்டிலுக்கு அடியில போயிடுவார். அவருக்குச் சேதி கொண்டு போறவ இருளாயி. அவ குதிரை சிட்டு. குட்டியில இருந்து மடியில போட்டு வளர்த்தது. அந்தச் சீமையில சிட்டைவிட வேகமா எதுவும் ஓடாதுன்னு அவளுக்கு நெனப்பு.

ஒரு நாள் மழையில ஒருத்தன் ஓடி வந்து, "சாமி, கரட்டு மலையில இடி விழுந்திருச்சு!"ன்னான்.

அப்போ நாயக்கர் சொன்னார்: "விழுந்துச்சுன்னா அங்கதானே கிடக்கும்? இருளாயி, போய் எடுத்துட்டு வா. கூண்டுல போட்டு வைப்போம்."

"கிடைக்கலன்னா சாமி?"

"சிட்டு நம்ம லாயத்துக்கு வந்துரும்."

சிட்டைக் குடுக்க இருளாயிக்கு மனசில்ல. வெளிய காட்டிக்கல. "இடி என்ன இடி! என் சிட்டுகிட்ட தோத்துட்டுப் போகும்"னா.

அப்புறம் மலைப்பக்கம் பளீர்னு மின்னுச்சு. டக்குடக்கு டக்குடக்குன்னு சிட்டு பறந்துச்சு. தெருமுனை கூடத் திரும்பல, கடகடகடன்னு இடி எதிர்ல வந்து, அவளைத் தாண்டி, ஊருக்குள்ள போயிடுச்சு! வெளிச்சம் கண் இமைக்கிறதுக்குள்ள வந்துரும். சத்தம் காத்தைத் தள்ளித் தள்ளித்தான் நடந்து வரணும். அந்த நடையே சிட்டோட ஓட்டத்தைவிட வேகம். முழிச்சிருக்கியா? "ம்"? சரி.

மறுநாள் சாக்கோட கரட்டுக்கே போய்ப் பள்ளத்துல பதுங்கிக்கிட்டா. பளீர் டமார்! ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. பக்கத்துப் பனை ரெண்டாப் பிளந்துச்சு. பாய்ஞ்சு போய் பனையடியில சாக்கைப் போட்டு மூடினா. திறந்து பார்த்தா மழைத்தண்ணிதான். ஆனா டமார்னப்போ கன்னத்துல யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சே? "அறைஞ்சது காத்து"ன்னா. ஆமாம், மின்னல் சுட்ட சூட்டுல காத்து துள்ளி விரியும். அந்தத் துள்ளல்தான் இடி.

மூணாம் நாள் ஒரு ஆட்டுத்தோல் தண்ணிப் பையில புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதி, வாயை இறுக்கிக் கட்டி, அரண்மனைக்குத் தூக்கிட்டுப் போனா.

"கொண்டு வந்துட்டியா?"

"வந்துட்டேன் சாமி. குட்டி இடி."

பையைக் கீழ வச்சா. உயரத்துல இருந்து விழுந்தாத்தானே அடி பலமா இருக்கும்? மேல்படிக்கு ஏறி, அது மேல குதிச்சா. டமால்!

நாயக்கர் கட்டிலுக்கு அடியில. மீசை மட்டும் வெளிய.

"எங்க போச்சு அது?"ன்னு அங்கிருந்தே கேட்டார்.

"உங்க காதுல விழுந்துச்சா சாமி?"

"நல்லா விழுந்துச்சே!"

"அங்கதான் போச்சு. இடி விழற ஒரே இடம் காதுதான். பனை மேல விழுந்தது மின்னல். காதுல விழுந்ததை எந்தக் கூண்டுல போடச் சொல்றீங்க?"

நாயக்கர் வெளிய வந்து மீசையில ஒட்டின தூசியைத் தட்டினார். அப்புறம், "வெறும் காத்துக்கா இத்தனை வருஷம் தரையில படுத்தேன்?"னார்.

சிட்டு இருளாயி கூடவே வீட்டுக்குப் போச்சு.

அடுத்த மழைக்கு நாயக்கர் கட்டில் மேலயே உக்காந்திருந்தார், ரெண்டு காதுலயும் பஞ்சு. அரண்மனைத் தலகாணியில ஒண்ணு இளைச்சுப்போச்சு.

கதை கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு.