கீழே பிடித்த குடை

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை ஆண்ட அரசருக்கு, சித்திரை மாத உச்சிவெயிலில் உப்பளம் பார்க்கும் ஆசை வந்தது. போனார், பார்த்தார். மறுநாள் அவருடைய மோவாயும் கழுத்தும் கன்றிச் சிவந்து தீயாய் எரிந்தன.

“குடை பிடித்த மாசிலான் தூங்கி வழிந்திருக்கிறான், பிரபு! நாடு கடத்துங்கள்” என்றார் அமைச்சர் மதிவாணர். அந்த வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தர நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

மாசிலான் காலில் விழுந்தான். “குடை இம்மிகூட விலகவில்லை, மகாராஜா! வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள்.”

அரண்மனை விகடகவி கொன்றைநம்பி அரசரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். நெற்றி பழுதில்லாமல் இருந்தது. குடை விலகியிருந்தால் நெற்றியல்லவா முதலில் வெந்திருக்கும்? உப்பளத்துப் பெண்கள் தலையில் ஓலைத்தொப்பி இருந்தும் கழுத்திலிருந்து மூக்குவரை துணி சுற்றியிருந்தது அவர் நினைவுக்கு வந்தது. நினைத்தது சரிதானா என்று இன்னொரு முறை யோசித்துவிட்டே வாயைத் திறந்தார்.

“அரசே, இவன்மேல் குற்றமில்லை. வெயில் கீழேயிருந்து வந்திருக்கிறது.”

சபை கொல்லென்று சிரித்தது.

“சூரியன் பாதாளத்தில் குடியேறிவிட்டானோ?” என்றார் மதிவாணர். “மூன்று நாளில் நிரூபிக்கட்டும், பிரபு. இல்லையேல் மாசிலானோடு இவரும் எல்லை தாண்டட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

“அமைச்சரே சாட்சியாக வரட்டும். குடையை அவர் மைத்துனர் பிடிக்கட்டும்” என்றார் நம்பி.

மறுநாள் உச்சிப்பொழுதில், மைத்துனன் பிடித்த ஒரே பெரிய குடையின் கீழ் நம்பியும் அமைச்சரும் உப்பளத்தில் நின்றார்கள். நம்பி மட்டும் காம்பில்லாத தாழங்குடை ஒன்றை மல்லாத்தி, தாம்பாளம்போல் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டார்.

“என்ன ஓய், பிச்சைக்கா?” என்றார் மதிவாணர்.

“வெயில் வரும் பக்கம் குடை பிடிக்கிறேன், ஐயா.”

வெள்ளை உப்பு கண்ணைக் கூசச் செய்தது. நம்பிக்குக் கை கடுத்தது. மாலையில் அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். சிவப்பு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை, மதிவாணர் மூக்குவரை சால்வை போர்த்திக்கொண்டு சபைக்கு வந்தார்.

“சித்திரையில் குளிரா, அமைச்சரே?”

“சளி, பிரபு.”

“சால்வையை எடும்.”

மோவாய் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. நெற்றியோ பழுதில்லாமல் இருந்தது. நம்பியின் மோவாயில் ஒரு மாற்றமும் இல்லை.

“உப்பில் பட்ட வெயில் மேலே திரும்புகிறது, அரசே. மேலே பிடித்த குடை அதை எப்படித் தடுக்கும்? மாசிலான் என்ன செய்வான்?”

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மோவாய் எரிந்தது. “ஐயோ, போதும்!” என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் சிரித்தார். மாசிலானுக்கு விடுதலை கொடுத்து, தம் முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குச் சூட்டினார்.

பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். “நாளை மறுபடியும் உப்பளம் போகிறோம், மதிவாணரே. எனக்கு மேல்குடை பிடிப்பவன் மாசிலான். கீழ்க்குடை பிடிப்பவர் நீர்!”