யானைக்குட்டியின் தூக்கம்

கசோண்டேயிடம் காட்டைக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் கபாசோதான் வயதில் பெரியவன். குருவைவிடவே மூத்தவன். அதனால் அவள் அவனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். பாடம் என்று வந்துவிட்டால் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது.

ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கத்தில் பாதி ஆயுளைத் தொலைத்தவன் அவன். லுவாங்வா பள்ளத்தாக்குக்கு வந்த அன்று, இத்தனை பெரிய வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அழுதேவிட்டான். வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டியாக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மழை தொடங்குவதற்குள் கசோண்டே சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் சுரங்கத்துக்குள்தான் இறங்க வேண்டும்.

போன வாரம் அவளைக் கூட்டிப்போய்த் தன் திறமையைக் காட்டினான். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம்! காற்றுக்கு எதிராக நடந்து, தடம் பிடித்து, எருமையைத் தின்றுகொண்டிருந்த பெண்சிங்கத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய் நிறுத்தினான். சிங்கம் தலையைத் தூக்கி உறுமியது. இரையை விட்டுவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. கபாசோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கசோண்டே, ‘இல்லை’ என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

பின்னாலேயே போனான். “என்ன குறை கண்டீங்க?”

“அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, அண்ணே.”

இன்று கடைசி வாய்ப்பு. மேற்கே மேகம் திரண்டுவிட்டது. ஆற்றோரத்துக் கருங்காலி மரத்தின் பின்னால் கசோண்டேயை மறைவாக உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து யானைகள் இறங்கின. எண்ண ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டான். அத்தனை பெரிய உடம்புகள் மணலில் நடந்து வருகின்றன, காலடிச் சத்தமே இல்லை.

ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கே வந்துவிட்டன. பிறந்து சில வாரமே ஆன ஒரு குட்டி, அவனுக்கு நேர் எதிரே தள்ளாடி நின்றது. அப்படியே மணலில் சாய்ந்து தூங்கிப்போனது. அதன்மேல் நிழல் விழும்படி தாய் வந்து நின்றுகொண்டது.

கபாசோவின் கழுத்தில் ஈ கடித்தது. அடிக்கவில்லை. கால் மரத்துப்போனது. நீட்டவில்லை. சுரங்கம், சோதனை, பக்கத்தில் இருந்த குரு, எல்லாமே மறந்துபோனது. இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறோமே என்று மட்டும்தான் தோன்றியது.

தூங்கி எழுந்த குட்டி தாயின் கால்களுக்கு நடுவே புகுந்து நடந்தது. கூட்டம் மொத்தமும் போய், வெயிலும் சாய்ந்தபிறகுதான் அவனுக்குச் சுயநினைவு வந்தது. தடம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

“இன்னைக்கு உங்களுக்கு நான் ஒண்ணுமே காட்டலை,” என்றான். “மூட்டையைக் கட்ட வேண்டியதுதானா?”

கசோண்டே எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

“அந்தக் குட்டி உங்க முன்னால படுத்துத் தூங்கிட்டுப் போயிருக்கு, அண்ணே. அதுக்கு மேல சொல்ல நான் யாரு?”