மூன்று முறையும் நாற்பத்திரண்டு

விசும்பல்தான் முதலில் கேட்டது. ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் தாயும் மகளும். அழுதது தாய். பதிமூன்று வயது செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வயதில் டிப்ளமா முடித்து, இந்த ஆஸ்பத்திரியில் படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்தார் ஞானசிகாமணி. பழக்குகிறவள் பாத்திமுத்து, அவரைவிடப் பதினாறு வயது இளையவள். அவளை அவர் டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வார்டுக்குப் போயிருந்த பாத்திமுத்து திரும்பி வந்தாள்.

“அந்தம்மா ஏன் அழுதாங்க, அண்ணாச்சி?”

“பிள்ளைக்கு முதுகெலும்பு வளைவு நாப்பத்திரண்டு டிகிரி, டீச்சர். நாப்பதைத் தாண்டினா ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆறு மாசம் முந்தி முப்பத்தஞ்சுதான்.”

“அளந்தது யாரு?”

“புதுக் கம்ப்யூட்டர். மாட்ட வந்த ரெண்டு தம்பிமாரும் எங்கூடவே நின்னாங்க. கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள எலும்பு எலும்பா கோடு போட்டுட்டு. நம்பாம மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் நாப்பத்திரண்டு. நீங்க ஸ்கேல் வச்சு அளந்தா தடவைக்கு ஒண்ணுல்லா வரும்?”

“வரும்,” என்று சிரித்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஓரத்தில் மடங்கிய விரலெலும்புகள் தெரிந்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

“அந்தப் பிள்ளை போட்டிருந்த கவுனை மாட்டிட்டு வந்து நில்லுங்க.”

“நானா? பேண்டையும் கழட்டணுமா?”

“அந்தப் பிள்ளை பாவாடையக் கழட்டுச்சுல்லா?”

கவுன் முதுகுப் பக்கம் திறந்து கிடந்தது. நாடா இரண்டும் அறுந்திருந்தன. ஞானசிகாமணி முதுகைக் காட்டி நின்றார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். நர்சுகள் இருவர் வந்து பாத்திமுத்து பக்கத்தில் நின்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நேரா நில்லுங்க, அண்ணாச்சி.”

“நேராத்தானே நிக்கேன்!”

“வலது கை எங்க?”

அது எப்போது பின்னால் போனதோ, கவுனை இறுகப் பிடித்திருந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவர் நிமிர்த்தப் பார்த்தார். கை விடவில்லை.

மறுபடி படமெடுக்கலாமா என்று பாத்திமுத்து டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டாள். தம்பிமாரை டீ குடிக்க அனுப்பினாள். ஞானசிகாமணியும் வெளியே நின்றார். நாடா முழுசாக இருந்த வேறொரு கவுனைக் கட்டிவிட்டு, செவ்வந்தியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, இரண்டாவது படம் எடுத்தாள்.

அதே கம்ப்யூட்டர்தான் அளந்தது. முப்பத்தாறு.

தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தமுறை சத்தமே இல்லை.

மறுபடி படமெடுத்தால் பதிவேட்டில் காரணம் எழுதவேண்டும். ஞானசிகாமணி பேனாவைத் திறந்தார்.

“மிஷின் தப்புன்னு எழுதவா, டீச்சர்?”

“மிஷின் கண்டதைத்தானே அளந்தது.”

“பிள்ளை அசைஞ்சிட்டுன்னு?”

“அசையவே இல்லையே, பாவம்.”

“பின்ன என்னன்னு எழுத?”

“கண்ணாடிக்குப் பின்னால மூணு ஆம்பளைங்க நின்னாங்கன்னு எழுதுங்க.”

எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்காக எக்ஸ்ரே தட்டைத் துடைக்கப் போனார்.